கார்த்திகைக் கூட்டமும் ஆயா பார்த்த சனீஸ்வரனும்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அம்மா போய் ஒன்பது மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு கோயிலுக்குள் கால் வைக்கப் பிடிக்கவில்லை. "நாலு நாள் மலைப்பக்கம் போய் இயற்கையைப் பாரு, மனசு ஆறும், சாமி மேல நம்பிக்கையும் தானா வரும்" என்று எல்லோரும் சொன்னதால் ஏற்காட்டுக்குப் போனீர்கள். ராத்திரி தங்கிய வீட்டு மாடியில் நின்று வானத்தைப் பார்த்தீர்கள். சின்ன வயதில் அம்மா விரல் நீட்டிக் காட்டிய கார்த்திகைக் கூட்டம் அங்கே இருந்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் மனதில் எழுந்தது "நாம் ஒன்றுமே இல்லை" என்ற எண்ணம் மட்டும்தான். ஆகவே, இயற்கை அழகு தெளிவையும் நம்பிக்கையையும் தரும் என்பது உண்மையா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: எல்லோருக்கும் வருவது எனக்கு ஏன் வரவில்லை, எனக்குள் ஏதாவது வற்றிப்போய்விட்டதா?

வற்றிப்போகவில்லை என்பது என் கருத்து. எந்தத் தகுதியில் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மனநல மருத்துவன் இல்லை, ஆன்மிகம் போதிப்பவனும் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சவ்வாது மலை அடிவாரத்தில் ஊர். மேலே காவலூரில்தான் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வந்தது. அதைப் பார்த்து வந்த ஆசையில் ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றைக் கார்போரண்டம் பொடி போட்டு மாதக்கணக்கில் தேய்த்து, நானே ஒரு தொலைநோக்கி செய்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வானம் காட்டுகிறேன். வானத்தைப் பார்க்கும் முகங்களை, பக்கத்தில் நின்று, இருட்டில், ஆயிரக்கணக்கில் பார்த்தவன் என்ற ஒரே தகுதிதான் எனக்கு.

அந்த முகங்களில் எல்லாமே ஒரே மாதிரி மலர்வதில்லை. சிலர் சிரிப்பார்கள், சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலர் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்து, "போதும் சார், என்னமோ மாதிரி இருக்கு" என்பார்கள். ஆராய்ச்சியாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். டாக்கர் கெல்ட்னர், ஜொனாதன் ஹைட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் எழுதிய கட்டுரையில், பெருவியப்பு வருவதற்கு இரண்டு விஷயம் வேண்டும் என்றார்கள். ஒன்று, எதிரில் இருப்பது நம்மைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு, நம் மனதில் ஏற்கெனவே இருக்கும் சட்டத்துக்குள் அது அடங்கக் கூடாது, சட்டத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்க வேண்டும். அந்த வியப்பில் அச்சமும் கலந்திருக்கலாம் என்று அப்போதே சொன்னார்கள். அச்சம் கலந்த வியப்பு கையாலாகாத உணர்வைக் கூட்டும் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் ஏற்காட்டு மாடியில் உங்களுக்கு வந்ததும் வியப்பின் இன்னொரு முகம்தான்.

நல்ல பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் ஓங்கி வளர்ந்த யூகலிப்டஸ் மரங்களைச் சிலரை ஒரே ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். இன்னும் சிலரை அதே இடத்தில் வேறு பக்கம் திரும்பிக் கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் தவறிக் கொட்டுவதுபோல் பேனாக்களைக் கீழே கொட்டினார். மரத்தைப் பார்த்தவர்கள் அதிகம் பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். இதற்கு ஒரு வருஷம் முன்பு வந்த வேறொரு ஆய்வில், பிரமிப்பூட்டும் இயற்கைப் படக்காட்சிகளைப் பார்த்தவர்களிடம் மனிதனுக்கு மேலான ஒரு சக்தி உலகை நடத்துகிறது என்ற எண்ணம் கொஞ்சம் கூடியிருந்தது. ஆக, உங்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் முழுக்கக் காற்றில் பேசவில்லை. ஆனால் இந்த விளைவுகள் பார்த்த கையோடு அளக்கப்பட்டவை. பரிசோதனைக்கு வந்தவர்கள் தாயைப் பறிகொடுத்து மலை ஏறியவர்களும் இல்லை. ஒரு நிமிட மரத்திலிருந்து ஆயுள் முழுக்க நிற்கும் இறை நம்பிக்கைக்குத் தாவுவது பெரிய தாவல். நான் தாவ மாட்டேன்.

அழகு நேராகக் கடவுளிடம் கொண்டுபோய் விடும் என்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இன்னொரு காரணம் நம் ஊர்க்காரர்கள் இருவர். ராமானுஜன் எண்களின் அழகில் தோய்ந்தவர். தனக்குக் கிடைத்ததெல்லாம் நாமக்கல் நாமகிரித் தாயார் தந்தது என்றவர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது, பத்தொன்பது வயதில், நட்சத்திரங்களின் முடிவு பற்றிக் கணக்குப் போட்டவர். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். அறிவியலில் அழகு என்றால் என்ன என்று அவரைப்போல் உருகிப் பேசியவர்கள் குறைவு. அவர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். இத்தனைக்கும் ராமானுஜன் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி கேட்டார் என்பதற்காக, ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடம் தேடிப்போய் ராமானுஜனின் பாஸ்போர்ட் புகைப்படத்தைப் பெற்றுத் தந்தவரே சந்திரசேகர்தான். இருவரில் யாருக்கு அழகு குறைவாகத் தெரிந்தது என்று சொல்வீர்கள்?

இப்போது "நாம் ஒன்றுமே இல்லை" என்பதற்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரம்தான் ஒளியாண்டு. நீங்கள் பார்த்த கார்த்திகைக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நீங்கள் குழந்தையாக அம்மா இடுப்பில் இருந்து பார்த்த ஒளி அங்கிருந்து கிளம்பியது பதினாறாம் நூற்றாண்டில். ஆண்ட்ரோமெடா என்ற பக்கத்து விண்மீன் மண்டலம் இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டு. இருட்டான மலையில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். உங்கள் ரத்தத்தில் உள்ள இரும்பு நட்சத்திரங்களுக்குள் உருவானது என்பதும் உறுதி. ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் தூரம், ஒளி, நிறை இவற்றை மட்டுமே சொல்லும். என் தொலைநோக்கியில் எத்தனையோ திருகு உண்டு, ஒரு மனுஷியின் மதிப்பை அளக்கும் திருகு அதில் இல்லை. "இவ்வளவு சிறியவர்கள், அதனால் நாம் ஒன்றுமில்லை" என்ற அந்த 'அதனால்' வானத்தில் எழுதியிருக்கவில்லை. துக்கம் போட்டுக்கொண்ட கணக்கு அது.

நம் பக்தி மரபு இந்தச் சிறுமையைக் கண்டு கலங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூரை ஓட்டை வழியாக வரும் வெயில் கீற்றில் தூசி பறக்குமே, அதுபோல நூற்றொரு கோடிக்கும் மேலான அண்டங்கள் இறைவன் முன் சிறு துகள்களாகத் தெரிகின்றன என்று திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் பாடுகிறார். உடனே "பார்த்தீர்களா, அன்றே விண்மீன் மண்டலங்களைக் கண்டுபிடித்துவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அவர் வானியல் சொல்லவில்லை. தூசி பறக்கும் வெயில் கீற்றை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்த ஒரு மனிதரின் வரி அது. நம்பிக்கை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. தூசி அதற்கு உருவம் கொடுத்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். அழகைப் பார்த்து நம்பிக்கைக்கு வந்தவர்கள் என்று நாம் கொண்டாடும் பலரும் நம்பிக்கையோடு போய் அழகைப் பார்த்தவர்கள். வெறுங்கையோடு போன உங்களுக்கு அது கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் குற்றமாகாது.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 2013 தை மாதம் என் மனைவி இறந்தாள். கருமாதிக்கு வந்த நண்பர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்வீங்களே, நாமெல்லாம் நட்சத்திரத் தூசின்னு, எங்கே போயிடப் போறாங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். அந்தத் தூசி சேர்ந்து செய்த ஒரு கை காலையில் காபி டம்ளரை நீட்டும், எனக்கு அந்தக் கைதான் வேண்டும். தொலைநோக்கியைச் சாக்குப்பையில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டேன். ஒன்றரை வருஷம் தொடவில்லை.

அந்த ஆடி மாதம் தூக்கம் வராமல் விடியற்காலை நாலரை மணிக்கே பால் வாங்கக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் கிழக்கே, எதிர்வீட்டு ஓட்டுக்கு மேலே, சிவப்பாகத் திருவாதிரை நின்றது. பங்குனி, சித்திரையில் மேற்கே இறங்கி மறைந்தது அது. நட்சத்திரங்கள் நாளொன்றுக்குச் சுமார் நான்கு நிமிஷம் முன்னதாக உதிக்கும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் போட்டவன் நான். கணக்குப்படி அது அங்கே இருந்தாக வேண்டும். இருந்தது. எனக்காக வரவில்லை, என் வீட்டில் நடந்தது அதற்குத் தெரியாது. ஏனோ, அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்றைக்குப் பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றாமல் ஒன்றில் ஊற்றினேன்.

தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லுக்குள் பல சரக்கு இருக்கிறது. கடவுள் இருக்கிறார் என்பதும் நம்பிக்கை. நாளைக்கு விடியும், நான் எழுந்து பல் விளக்குவேன் என்பதும் நம்பிக்கை. உங்களுக்குச் சொன்னவர்கள் முதலாவதைக் கருதிச் சொன்னார்கள். வானம் எனக்குக் கொடுத்தது இரண்டாவது. முதலாவது எனக்கு இன்றுவரை வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டாவதையும் பெரிதாக்கிச் சொல்லிவிடக் கூடாது. சொன்ன நேரத்துக்கு வந்தது என்றேனே, அதே திருவாதிரை 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. ஆருத்ரா தரிசனத்துக்கு வருஷம் தவறாமல் சிதம்பரம் போகும் உறவினர் ஒருவர் போன் போட்டு, "சிவனோட நட்சத்திரம் அணையப் போவுதாமே, ஏதாச்சும் ஆயிடுமா?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் பதைப்புதான். அது தன்னிடமிருந்து வீசிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்தது என்று பிறகு தெரிந்தது. சில மாதங்களில் ஒளி திரும்பியது. அந்த நட்சத்திரம் ஒருநாள் வெடித்துச் சிதறும் என்பது உறுதி. எப்போது என்பதுதான் தெரியாது, லட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம்.

தொலைநோக்கியை மறுபடி வெளியே எடுக்க வைத்தது வானம் இல்லை, ஒரு பையன். 2014 வைகாசியில் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து, "சார், எங்க ஆயாவுக்கு ஜென்மச் சனி நடக்குதாம், தினம் அழுவுறாங்க. சனியை ஒருதரம் காட்டிடுங்க" என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாக்கைப் பிரித்தேன். சிலந்திக் கூட்டைத் துடைத்து, கண்ணாடியைச் சரி செய்து, தெருவில் வைத்தேன். ஆயா வந்தார், எழுபது வயது இருக்கும். தொலைநோக்கிக்கு மூன்றடி தள்ளிச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். கண்ணை வைக்கத் தெரியவில்லை. இமையை மூடிமூடித் திறந்தார். பையன் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். உட்கார்ந்து பார்த்தார். அப்போது வளையம் நன்றாக விரிந்திருந்த காலம். வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு கண்ணை எடுக்காமலே, "இம்மாம் அழகா மோதிரம் போட்டுக்கினு நிக்கிறாரு. இவரா என்னைப் படுத்துறாரு?" என்றார். எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லை. சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது, ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம், மூன்று ராசிக்கு ஏழரை, அவ்வளவுதான் கணக்கு என்று விளக்க வாயெடுத்தேன். ஆயா முந்திக்கொண்டார். "அங்க இருந்து பாத்தா நாம தெரிவோமா வாத்தியாரே?"

தெரிவோம். அதற்கு முந்தைய வருஷம்தான், 2013 ஜூலை 19 அன்று, சனியைச் சுற்றிக்கொண்டிருந்த காசினி விண்கலம் வளையத்துக்குக் கீழே பூமியைப் படம் பிடித்திருந்தது. ஏறத்தாழ 144 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து, நீலமாக ஒரு புள்ளி. மறுநாள் அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயா கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "இதுல நம்ம ஊரு எந்தப் பக்கம்?" என்றார். ஒன்றரை வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஆயாவும் சிரித்தார். சனிக்கிழமை எள் விளக்கு போடுவதை அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பயம் குறைந்ததா என்று கேட்டுப் பார்க்கவும் இல்லை. அந்தப் புள்ளியைப் பார்த்து "நாம் ஒன்றுமே இல்லை" என்று நான் எத்தனையோ தரம் மேடையில் பேசியிருக்கிறேன். அதில் தன் ஊரைத் தேடலாம் என்று எனக்கு ஒருதரமும் தோன்றியதில்லை.

ஏற்காட்டில் நீங்கள் தனியாக நின்றீர்கள், கையில் போன் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிஷமாவது ஆகும். நடுவில் ஒருமுறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. தனிமை இன்னும் பெரிய விஷயம். கார்த்திகைக் கூட்டம் உங்களுக்கு வெறும் நட்சத்திரக் கொத்து கிடையாது. அதற்கும் உங்களுக்கும் நடுவில் எப்போதும் ஒரு விரல் இருந்தது, இப்போது இல்லை. மனைவி போன பிறகு பால்வீதியைப் பார்த்தபோது எனக்கும் வெறும் ஓட்டைதான் தெரிந்தது. அந்த வெறுமை அண்டத்தில் இருப்பதாக நினைத்தேன். என் பக்கத்தில், ஜமக்காளத்தில், அவள் உட்காரும் இடத்தில் இருந்தது அது.

ஒன்பது மாதம் துக்கத்தில் இருப்பது அதிகம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால், அதற்கு வானம் மருந்தாகாது. டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம்.

வானத்தை மறுபடி பார்க்க மனம் வந்தால், வாத்தியார் புத்தியில் சில குறிப்பு. கார்த்திகை மாதம் பொழுது சாய்ந்ததும் அந்தக் கூட்டம் கிழக்கே ஏறி நிற்கும். தீபத்தன்று மட்டும் வேண்டாம். முழுநிலா அதன் பக்கத்திலேயே நின்று ஒளியில் அமுக்கிவிடும். அமாவாசையை ஒட்டி, மழை பெய்து விட்ட இரவாகப் பாருங்கள். தூசியெல்லாம் இறங்கி வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். மழை விடவே இல்லையென்றால் தை வரை பொறுக்கலாம், அதுவும் ஓடிவிடாது. பாய் விரித்து மல்லாந்து படுங்கள், நின்று அண்ணாந்தால் கழுத்து வலிதான் மிச்சம். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மங்கல் ஒளியை உணரும் குச்சி செல்கள் கண்ணின் நடுப்புள்ளியில் இல்லை, சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் ஓரப்பார்வையில் ஒன்றிரண்டு நட்சத்திரம் கூடுதலாகத் தெரியும். துணைக்கு யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். அக்கா பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதில் சின்னது போதும்.

கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்பது புராணம். நல்ல கண்ணுக்கு ஏழு தெரியும், சிலர் இன்னும் அதிகம் எண்ணுவார்கள். உங்கள் அம்மா எத்தனை என்று சொல்லிக் காட்டினார் என்பதை நீங்கள் எழுதவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.